ஒரு நடிகையின் வேலைநிறுத்தம்

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி இரவு. பிரெஞ்சுத் திரையுலகின் தலையாய விழாவான செசார் விருது விழா பாரிஸ் நகரின் பிளெயல் அரங்கில் நடந்துகொண்டிருந்தது. சிறந்த இயக்குநருக்கான விருது ரோமன் பொலான்ஸ்கிக்கு என்று மேடையில் அறிவித்தார்கள். விருதைப் பெற அவர் வரவில்லை. அரங்கில் அமர்ந்திருந்த ஒரு நடிகை எழுந்தார். ‘வெட்கக்கேடு’ என்று உரக்கச் சொல்லியபடி வாசலை நோக்கி நடந்தார். அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் எழுந்து வெளியேறினார்கள். விழா நிற்கவில்லை, தொடர்ந்து நடந்தது.

வெளியேறிய நடிகையின் பெயர் அடேல் எனெல். அப்போது அவருக்கு வயது 31. அன்றைய விழாவில் சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். விருது பெற்ற பொலான்ஸ்கியோ 1977இல் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுமியுடன் சட்டவிரோத உடலுறவு கொண்டதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர். தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1978இல், அந்த நாட்டை விட்டு ஓடியவர். செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றிப் படமெடுத்ததற்காக அவருக்கு அந்த விருது!

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2023 மே மாதம் ‘தெலெராமா’ என்ற பிரெஞ்சு வார இதழில் எனெல் எழுதிய கடிதம் வெளிவந்தது. திரைப்படத்தில் நடிப்பதை நிறுத்திவிட்டேன், இந்த விலகலை ஓர் அரசியல் செயலாகவே அறிவிக்கிறேன் என்பது கடிதத்தின் சாரம். பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தம்மவர் என்று அரவணைத்துக்கொள்ளும் தொழிலில் தனக்கு இடமில்லை என்றார். இரண்டு செசார் விருதுகளை வென்ற நடிகை, 34 வயதில், தொழிலின் உச்சியில் இருந்தபோது எழுதிய கடிதம் அது.

இதைப் படித்த பலரும் பலவிதமாகப் பேசினார்கள். கோபக்காரி என்றார்கள். கலையையும் அரசியலையும் குழப்பிக்கொள்கிறார் என்றார்கள். நல்ல தொழிலைக் கெடுத்துக்கொண்டார் என்று பரிதாபப்பட்டவர்களும் உண்டு. நாம் இதை வேறு விதமாகப் பார்க்கிறோம். நம் வாசகர்களில் ஆலை வாசலில், பணிமனை வாசலில், துறைமுகத்தில் நின்றவர்கள் அநேகம். தொழிலாளியிடம் சொந்தமாக இருப்பது உழைப்பு ஒன்றுதான். பேச்சும் மனுவும் பலிக்காதபோது அதைத் தர மறுப்பதுதான் அவன் கடைசி ஆயுதம். நடிகையின் உழைப்பு அவருடைய முகம், உடல், குரல். எனெல் மறுத்தது அந்த உழைப்பை. அவர் நடத்தியது ஒரு வேலைநிறுத்தம்.

அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது எது? அதை அறிய அவருடைய இளமைக்குப் போக வேண்டும்.

பன்னிரண்டு வயதில் படப்பிடிப்பு

அடேல் எனெல் 1989 பிப்ரவரி 11 அன்று பாரிசில் பிறந்தார். நகரின் கிழக்கு விளிம்பை ஒட்டிய மோந்த்ரய் என்ற ஊரில் வளர்ந்தார். தாய் ஆசிரியை, தந்தை மொழிபெயர்ப்பாளர். திரையுலகக் குடும்பம் அல்ல. சிறு வயதிலேயே நாடக வகுப்புக்குப் போனார். ஒரு படத்துக்குச் சிறுவர் சிறுமியரைத் தேர்வு செய்கிறார்கள் என்று அறிந்து, தன் சகோதரனுக்குத் துணையாகப் போனவரையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். படத்தின் பெயர் ‘சாத்தான்கள்’ என்று பொருள்படும். இயக்குநர் கிறிஸ்டோஃப் ருஜியா. ஆட்டிசம் கொண்ட சிறுமியின் வேடம். நடிக்கும்போது வயது 12. படம் வெளிவந்தது 2002இல்.

படத்தைப் பார்த்தவர்கள் அந்தச் சிறுமியின் நடிப்பை வியந்தார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அவர் படமே நடிக்கவில்லை. திரையுலகை விட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிக்கிற பெண், படிப்பு முக்கியம் என்று நினைத்திருப்பார்கள்.

உண்மை வெளிவந்தது 2019 நவம்பரில். ‘மெதியாபார்’ என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனம் ஏழு மாதம் புலனாய்ந்து அதை வெளியிட்டது. தனக்குப் 12 வயதிலிருந்து 15 வயது வரை அந்த இயக்குநர் தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று எனெல் கூறினார். படப்பிடிப்பில் இருந்த சிலருக்கு, அந்த இயக்குநர் சிறுமியிடம் நடந்துகொண்ட விதம் அப்போதே உறுத்தியிருந்தது என்பதும் அதில் பதிவானது.

எங்கே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எனெல் சொன்னதில் பெரும்பகுதி, படப்பிடிப்பு முடிந்த பிறகு நடந்தது. படத்தைப் பற்றிப் பேசவும் சினிமாவைக் கற்றுத் தரவும் என்று சொல்லி, வார இறுதிகளில் இயக்குநரின் வீட்டுக்கு அழைக்கப்பட்ட நாட்களில் நடந்தது. பட விழாக்களுக்குப் போன பயணங்களில் நடந்தது. பெற்றோருக்கு அவர் குரு. ஊருக்கு அவர் கலைஞர். சிறுமிக்கோ தன்னைக் கண்டுபிடித்து உயர்த்தியவர். மூன்று முகமும் ஒருவருக்கே இருக்கும்போது, அந்தச் சிறுமி யாரிடம் போய் என்னவென்று சொல்வாள்?

பிரான்சில் சிறுவர் நடிப்புக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 16 வயது நிறையாத பிள்ளையை நடிக்க வைக்க அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதி அரசு சார்ந்த நிதியகத்தில் பூட்டி வைக்கப்பட்டு, பிள்ளை பெரியவனானதும் தரப்படும். காசுக்குக் காவல் உண்டு; வேலை நேரத்துக்குக் காவல் உண்டு. கேமரா நின்ற பிறகு, பட நிறுவனத்தின் வண்டி வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, அந்தப் பிள்ளைக்குக் காவல் எது?

பெண்ணை நேசித்த பெண்

எனெல் திரைக்குத் திரும்பியது 2007இல். முதல் படத்துக்கு அவரைத் தேர்வு செய்த அதே பெண்மணிதான் மறுபடியும் தேடி வந்து, நடிக்கச் சொல்லி வற்புறுத்தினார். இந்த முறை இயக்குநர் ஒரு பெண், செலின் சியாமா. அவருக்கு அது முதல் படம். ‘ஆக்டோபஸ்களின் பிறப்பு’ என்பது அதன் பிரெஞ்சுத் தலைப்பின் பொருள். ஆங்கிலத்தில் ‘வாட்டர் லிலீஸ்’ என்ற பெயரில் வந்தது. பாரிசை அடுத்த புறநகர் ஒன்றின் நீச்சல் குளத்தில், குழுவாக நீரில் நடனமாடும் இளம்பெண்களின் கதை. ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மீது எழும் ஈர்ப்பை, ஆபாசமாக்காமல், அதன் தவிப்போடும் அவமானத்தோடும் காட்டிய படம். அந்த ஆண்டு கான் விழாவில் அது திரையிடப்பட்டது. எனெல் 2008இல் நம்பிக்கைக்குரிய புதுமுக நடிகைக்கான செசார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

அதன் பிறகு படிப்படியான உழைப்பு. பொருளாதாரமும் சமூகவியலும் படித்துக்கொண்டே நடித்தார். 2011இல் நூறாண்டுக்கு முந்தைய பாரிசின் ஒரு விலைமாதர் இல்லத்தைப் பற்றிய படம், 2013இல் ‘சூசான்’. அந்தப் படத்தில் நாயகியின் தங்கையாக நடித்ததற்காக 2014 பிப்ரவரியில் சிறந்த துணை நடிகைக்கான செசார் விருது கிடைத்தது.

விருதை வாங்க மேடையேறியபோது, வழக்கமான நன்றிகளோடு இன்னொரு நன்றியையும் சொன்னார். இயக்குநர் செலின் சியாமாவுக்கு நன்றி, ஏனென்றால் நான் அவரை நேசிக்கிறேன் என்றார். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த விழாவில், 25 வயது நடிகை, தான் ஒரு பெண்ணை நேசிக்கும் பெண் என்பதை ஒற்றை வாக்கியத்தில் அறிவித்தார்.

அந்த ஆண்டை நினைவில் வைக்க வேண்டும். ஒருபாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் பிரான்சில் 2013 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்துப் பாரிஸ் வீதிகளில் லட்சக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அந்தக் கொந்தளிப்பு அடங்கி ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. வளரும் நடிகை என்றால் ஆண் ரசிகர்களின் கனவில் இருக்க வேண்டும், யாருடையவள் என்பது தெரியாமல் இருக்க வேண்டும் என்பது படவுலகின் எழுதாத சட்டம். அது நம் நாட்டுப் படவுலகுக்கு மட்டும் உரியதல்ல. எனெல் அதை உடைத்தார். உடைத்தும் கெட்டுப்போகவில்லை. 2015இல் ‘போராளிகள்’ என்று பொருள்படும் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான செசார் விருதையும் வென்றார். பெல்ஜிய நாட்டின் தார்தென் சகோதரர்கள் 2016இல் தங்கள் படத்தில் அவரை மருத்துவராக நடிக்க வைத்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளின் உரிமைக்காகப் போராடிய ‘ஆக்ட் அப்’ இயக்கத்தைப் பற்றி 2017இல் வந்த ‘120 பிபிஎம்’ படத்தில் அந்த இயக்கத்தின் போராளியாக நடித்தார்.

2019இல் மீண்டும் செலின் சியாமாவின் இயக்கத்தில் ‘தீப்பற்றிய நங்கையின் ஓவியம்’. இருவரும் அதற்குள் பிரிந்திருந்தார்கள். ஆயினும் சேர்ந்து வேலை செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடலோரத் தீவு ஒன்றில் நடக்கும் கதை. ஓவியம் தீட்ட வந்த பெண்ணுக்கும், தன்னைத் தீட்டவிட மறுக்கும் பெண்ணுக்கும் இடையே வளரும் காதல். ஓவியர் நங்கையைப் பார்க்கிறார்; நங்கையும் ஓவியரைப் பார்க்கிறார். இருவரில் யாரும் மற்றவருக்குப் பொருளாக இல்லை. கான் விழாவில் அந்தப் படம் சிறந்த திரைக்கதை விருது பெற்றது.

பன்னிரண்டு வயதில் எதையும் சொல்ல முடியாமல் நின்ற சிறுமி, முப்பது வயதில் இப்படி ஒரு படத்தில் நடித்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். தன்னைச் சமமாகப் பார்க்கிற கண் எது, தன்னைச் சொத்தாகப் பார்க்கிற கண் எது என்பதை அவர் தொழிலின் உள்ளே நின்றே கற்றுக்கொண்டார்.

இங்கே தேநீர்க்கடைப் பேச்சாக எழும் ஒரு வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சிறு வயதில் ஆணால் துன்பப்பட்டதால்தான் பெண்ணை நாடினார் போலும் என்பது அந்த வாதம். இது பிழை. ஆண்களால் துன்பப்பட்ட பெண்களில் மிகப் பலர் ஆண்களையே மணந்து வாழ்கிறார்கள். எந்தத் துன்பமும் அறியாமல் வளர்ந்த பெண்களில் பெண்ணை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய அன்பு இன்னொருவருடைய குற்றத்தின் விளைவு அல்ல. அப்படிச் சொல்வது அன்பை நோயாக்குகிறது. குற்றத்தை நோய்க்குக் காரணம் என்று சுருக்கிவிடுகிறது. இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

கைதட்டல் நின்ற இடம்

2014இல் அவர் காதலைச் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. துணிச்சல் என்று பத்திரிகைகள் பாராட்டின. 2019இல் அதே வாய் திறந்து, அதே நேர்மையோடு, அதே தொழிலைப் பற்றி இன்னொரு உண்மையைச் சொன்னபோது என்ன ஆயிற்று?

பாராட்டியவர்கள் அப்போதும் இருந்தார்கள். திரைப்பட இயக்குநர்கள் சங்கம் ருஜியாவை நீக்க நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டை ருஜியா மறுத்தார். எனெல் முதலில் காவல் நிலையம் போக விரும்பவில்லை; இப்படிப்பட்ட வழக்குகளில் நீதித்துறை பெண்களுக்குச் செவிசாய்ப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசு வழக்கறிஞர் தாமாக விசாரணையைத் தொடங்கிய பிறகு, அதே நவம்பர் மாதத்தில் முறைப்படி புகார் கொடுத்தார். அந்த இயக்குநர் இளம்பிள்ளைகளை வைத்து மறுபடியும் ஒரு படம் எடுக்கத் தயாராகிறார் என்று அறிந்ததும் தான் வாய் திறந்ததற்கு ஒரு காரணம் என்று கூறினார்.

மூன்று மாதம் கழித்து வந்ததுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன அந்த இரவு. எனெல் நடித்த ‘தீப்பற்றிய நங்கையின் ஓவியம்’ 10 பரிந்துரைகள் பெற்றிருந்தது. கிடைத்தது ஒளிப்பதிவு விருது ஒன்றே. பொலான்ஸ்கியின் படம் 12 பரிந்துரைகளோடு வந்து, சிறந்த இயக்குநர் விருதையும் எடுத்துக்கொண்டது.

ஆக, கைதட்டலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. நடிகை தன்னைப் பற்றி உண்மை சொல்லலாம். அது அழகான துணிச்சல். தொழிலைப் பற்றி உண்மை சொன்னால் அது தொந்தரவு. தன்பாலின ஈர்ப்புள்ளவரை மேடையில் ஏற்றிப் பெருமைப்பட்டுக்கொள்ளத் திரையுலகுக்குச் செலவில்லை. அதிகாரத்தில் இருப்பவரைக் கணக்குக் கேட்கச் செலவு உண்டு: படம் நிற்கும், முதல் முடங்கும், நண்பர்கள் பகைவர்கள் ஆவார்கள். செலவில்லாத நீதியை எல்லோரும் செய்வார்கள். செலவாகும் நீதியை யார் செய்கிறார்கள் என்பதே கேள்வி.

வழக்கு 2024 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 3 அன்று ருஜியா குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை. அதில் இரண்டு ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டது, மற்ற இரண்டு ஆண்டு காலில் மின்னணுப் பட்டையோடு வீட்டில் கழிக்க வேண்டியது. தீர்ப்பை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படப்பிடிப்பு 2001இல். பேச முடிந்தது 2019இல். முதல் தீர்ப்பு 2025இல். ஏறத்தாழ 24 ஆண்டுகள். இத்தனைக்கும் அவர் கையில் இரண்டு செசார் விருதுகள் இருந்தன. உலகமறிந்த பெயர் இருந்தது. ஏழு மாதம் செலவிட்டு உண்மையைத் தேட ஒரு செய்தி நிறுவனம் இருந்தது. தோள் கொடுக்கத் தோழிகள் இருந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லாத துணை நடிகைக்கு, குழு நடனப் பெண்ணுக்கு, ஒப்பனை உதவியாளருக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

தனியொருவர் வேலைநிறுத்தம் வெல்லுமா?

ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். வேலைநிறுத்தம் என்றால் பலர் சேர்ந்து செய்வது. ஒருவர் மட்டும் வேலையை விட்டுப்போனால் முதலாளிக்கு நட்டம் என்ன? அந்த இடத்துக்கு வேறு நடிகை வந்துவிடுவார். உள்ளேயே இருந்து போராடியிருக்கலாமே? மேலும், பேரும் பணமும் சேர்த்தவருக்கு விலக முடியும், தினக்கூலிக்கு முடியுமா?

இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. தினக்கூலியால் முடியாது. ஆகவேதான், முடிந்தவர் செய்யும்போது அதன் பயன் முடியாதவருக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பிரான்சில் என்ன நடந்தது? 2023இல் செசார் அமைப்பு, பாலியல் வன்முறை வழக்கில் சிக்கியவர்களை விழாவுக்கு அழைப்பதில்லை என்று முடிவெடுத்தது. 2024 பிப்ரவரியில் அதே செசார் மேடையில் ஜூதித் கோத்ரேஷ் என்ற நடிகை, சிறு வயதில் திரையுலகில் தனக்கு நேர்ந்ததைப் பற்றியும் அத்தொழிலின் மௌனத்தைப் பற்றியும் பேசினார். அதே ஆண்டு மே மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றம் கலைத் துறைகளில் நடக்கும் அத்துமீறல்களை ஆராய ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 2025 ஏப்ரலில் வந்த அதன் அறிக்கையில் 86 பரிந்துரைகள் இருந்தன. சிறுவர் நடிகர்களின் பாதுகாப்பைப் பலப்படுத்துவது அவற்றில் முக்கியமான பகுதி. 2020இல் சில பேர் எழுந்து வெளியேறினார்கள். ஐந்து ஆண்டில் அது நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது.

எனெல் சும்மா வீட்டில் உட்கார்ந்துவிடவும் இல்லை. நாடக மேடையில் நடித்துக்கொண்டிருந்தார். 2023இல் ஓய்வூதிய வயதை உயர்த்தும் அரசின் திட்டத்தை எதிர்த்துப் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களோடு போய் நின்றார். தன் பிரச்சினை வேறு, சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளியின் பிரச்சினை வேறு என்று அவர் நினைக்கவில்லை. அவருடைய அரசியல் முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்து, கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் கொடுமை வளரும் என்ற அவருடைய பாடம் ஆலைக்கும் பொருந்தும், படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும்.

நம் நாட்டில் நிலைமை என்ன?

பாரிஸ் நடிகையின் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நம் நாட்டில் வீட்டுக்கு வீடு சினிமா, தெருவுக்குத் தெரு, தன் பிள்ளையைத் திரையில் பார்க்கத் துடிக்கும் பெற்றோர்.

2016இல் திருத்தப்பட்ட நம் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வேலை செய்வதைத் தடை செய்தாலும், திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நடிக்க நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். நல்ல விதிகள். ஆனால் பிரான்சைப் போலவே நம் விதிகளும் வேலை நேரத்தைச் சுற்றியே கட்டப்பட்டவை. எனெலுக்கு நேர்ந்தது வேலை நேரத்துக்கு வெளியே.

பெரியவர்களின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. மலையாளப் படவுலகில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017இல் நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கை அரசின் கைக்கு வந்தது. மக்கள் பார்வைக்கு வந்ததோ 2024 ஆகஸ்ட் 19 அன்று, அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு. நாலரை ஆண்டுக்கு மேல் அது அலமாரியில் கிடந்தது. படப்பிடிப்புக் குழுவும் ஒரு பணியிடமே, அங்கும் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்குழு இருக்க வேண்டும் என்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்ல வேண்டியிருந்தது. பணியிடச் சட்டம் வந்ததோ 2013இல்!

தன்பாலின ஈர்ப்பு விஷயத்திலும் அப்படியே. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில், திருமண உரிமையைத் தர மறுத்து, அதை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டது. சிறை பயம் போயிற்று. வேலை போய்விடும் என்ற பயம் போகவில்லை. பயத்தோடு வேலை செய்யும் இளம் நடிகையை மிரட்டுவது எளிது. உன் ரகசியத்தை வெளியிட்டுவிடுவேன் என்ற ஒரு சொல் போதும். அவர் எந்தக் கொடுமையையும் வெளியே சொல்ல மாட்டார். எனெல் 2014இலேயே தன் காதலை ஊரறியச் சொல்லிவிட்டவர். 2019இல் அவரை மிரட்ட யார் கையிலும் அந்த ரகசியம் இல்லை. வெளிப்படையாக வாழும் உரிமையும் பாதுகாப்பாக வேலை செய்யும் உரிமையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை.

ஆகவே நாம் கேட்பது மூன்று.

ஒன்று: நடிக்கும் பிள்ளைக்கு நியமிக்கப்படும் பொறுப்பாளர், பட நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவராக இருக்க வேண்டும். அவர் பொறுப்பு படப்பிடிப்போடு முடியக் கூடாது. ஒத்திகை, பின்னணிக் குரல் பதிவு, விளம்பரப் பயணம், பட விழா எல்லாவற்றுக்கும் நீள வேண்டும்.

இரண்டு: படவுலகைப் பற்றி அரசு அமைக்கும் எந்த விசாரணைக் குழுவின் அறிக்கையும், பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தை மறைத்து, குறித்த காலத்துக்குள் வெளியிடப்பட வேண்டும். வெளியிடாத அறிக்கை யாரைக் காப்பாற்றுகிறது என்பது ஊரறிந்தது.

மூன்றாவது கோரிக்கை நமக்கு நாமே வைப்பது. நடிகையின் காதலைக் கிசுகிசுவாகப் படிப்பதும், அவர் புகார் சொன்னால் விளம்பரத்துக்காகச் சொல்கிறார் என்று சிரிப்பதும் நம் வீடுகளில் நடக்கிறது. நம் சங்கக் கூட்டங்களிலும் நடக்கிறது. படம் பார்க்க நாம் கொடுக்கும் காசில்தான் அந்தத் தொழில் நடக்கிறது. ஆலையில் கை இழந்த தொழிலாளியிடம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, உனக்கு இதில் என்ன ஆதாயம் என்று யாராவது கேட்டால் நாம் சும்மா இருப்போமா? நடிகையிடமும் அதைக் கேட்க விடாதிருப்போம்.